நுரைக்கூடு

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு மீன். அது யாரையோ சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது.

ஜோதிமேரி கைக்குழந்தையைத் தூளியில் கிடத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். தோணியில் கொழும்புக்குப் போய்வரும் அவள் புருஷன் வேதமுத்து, சோடியாக வாங்கி வந்த சண்டை மீன்கள் அவை. ஆண் நுரையால் கூடு கட்டும், செவுளை விரித்து நிறம் கறுத்துப் பெட்டையை அழைக்கும், கூட்டுக்கடியில் அதை வளைத்து அணைக்கும் என்று அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். முட்டை விழுந்ததும் பெட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும், விட்டால் ஆணே கடித்துக் கொன்றுவிடும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தான். இந்தப் பயணம் அவன் புறப்பட்ட கொஞ்ச நாளிலேயே பெட்டை செத்துப்போனது. அந்தக் கோடையில் பாம்பனின் ஊற்றுகளெல்லாம் உப்புக் கரித்தன.

ஆணாவது பிழைக்கட்டும் என்று அன்று காலை கடற்கரை மணலில் அவளே புது ஊற்றுத் தோண்டியிருந்தாள். காக்கைக்கு வைக்காமல் ஒரு வாய் உண்ணாத மனசு அவளுக்கு. இளநீர் போல ஊறிய தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் மாற்றியிருந்தாள்.

சாயங்காலம் அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு லூர்து மேரி, மீனின் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். “பொண்டாட்டி செத்தும் மாப்பிள்ளை முறுக்குக் குறையலயேடி!”

தண்ணீர் எங்கே எடுத்தாய் என்று கேட்டாள். பனங்கட்டைப் பக்கம் என்றதும் அவள் சிரிப்பு நின்றது. போன ஐப்பசிப் புயலில் கரை ஒதுங்கிய, பேர் ஊர் தெரியாத ஒரு பெண்ணைப் புதைத்து, அடையாளத்துக்கு நட்ட கட்டை அது. அதைச் சுற்றி யாரும் ஊற்றுத் தோண்டுவதில்லை.

“குடிக்கவாக்கா எடுத்தேன்? மீனுக்குத்தான.”

“அது அவளுக்குத் தெரியுமா?” என்றாள் லூர்து மேரி. சிலுவை போட்டுக்கொண்டு, நெருப்பு வாங்காமலே போய்விட்டாள்.

கோயில் மணி அடித்தபோது ஜோதிமேரி விளக்கை ஏற்றினாள். ஈர மணலும் அழுகிய கடல்பாசியும் கலந்த வாடை வீட்டுக்குள்ளேயே எங்கிருந்தோ கிளம்பி, அவள் முந்தானையிலும் தூளிச் சேலையிலும் மெல்லப் படிந்துகொண்டிருந்தது. தொட்டியில் மீன் கூட்டுக்கடியில் வளையமாக வளைந்து இறுகியது. வளையம் முழுதாக மூடவில்லை. நடுவில் ஏதோ இருப்பதுபோல் இடம்விட்டு நின்றது. அந்த வெறும் இடத்திலிருந்து, ஒவ்வொன்றாக, வெள்ளை முட்டைகள் உதிர்ந்தன. மீன் அவற்றை வாயில் பொறுக்கி நுரையில் ஒட்டியது.

பிறகு அது கடிக்கத் தொடங்கியது.

ஒன்றுமில்லாத ஒரு மூலையை நோக்கிப் பாய்ந்து பாய்ந்து கடித்தது. ஒவ்வொரு கடிக்கும், வாயைப் பொத்திக்கொண்டு அழும் பெண்ணின் விசும்பல் போல ஒரு சத்தம். ஜோதிமேரிக்கு நெஞ்சு தாளவில்லை. யாராக இருந்தால் என்ன, அடிபடுகிற உயிர்தானே. “இயேசு, மரியே, சூசையே” என்று முணுமுணுத்தபடி சிரட்டையை அந்த மூலையில் அமிழ்த்தினாள்.

“வாம்மா. வெளிய வந்துரு.”

விசும்பல் நின்றது.

சிரட்டை கனத்தது. கிணற்றிலிருந்து நிறைகுடம் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கினாள். உள்ளே வெறும் தண்ணீர். முற்றத்தில் ஊற்றிவிடலாம் என்று வாசலை நோக்கி நடந்தாள். நிலைப்படியில் கனம் போய்விட்டது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

திரும்பினாள்.

தரையில் ஈரக் காலடி. அடுத்தது. அடுத்தது. எதுவும் வாசல் பக்கம் வரவில்லை.

கயிறு முனகியது.

தூளி தரையைத் தொடும் அளவுக்குத் தொய்ந்திருந்தது. அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குழந்தை அழவில்லை. மெல்ல ஆடும் சேலைக்குள்ளிருந்து, அவசரமில்லாமல், நிறைவாக, அது பால் குடிக்கும் சத்தம் கேட்டது.