கைக்கு எட்டாத சிவப்புக் கைப்பிடி

ஜூலை மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் வாடகைக்கு எடுத்த கராஜில் இருந்தவர்கள்:

மயூரா. வயது பதினொன்று. அட்டையில் வட்டம் வெட்டுவது அவள் வேலை.

தக்ஷாயினி. மயூராவின் அம்மா. பஸ் திருத்துமிடத்தில் மெக்கானிக்.

ஹரிப்ரியா. சென்னைக்காரி. கணினி வேலை. அம்மாவோடு சேர்ந்து விமானம் கட்டுகிறவர்.

அரை விமானம் ஒன்று. இறக்கை இன்னும் பூட்டவில்லை. உள்ளே இரண்டு இருக்கைகள் போன கிழமைதான் வந்திருந்தன.

சுவரில் ஓர் அலுமினியத் தகடு சாய்ந்திருந்தது. அதுதான் விமானத்தின் கருவிப் பலகையாக ஆகப்போகிறது. வேகமானி, உயரமானி, திசைகாட்டி, சுவிச்சுகள் எல்லாம் அதில்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டை வெட்ட வேண்டும். தகடு ஒன்றுதான் இருந்தது. பிழையாக வெட்டினால் ஒட்ட முடியாது.

வெட்டுகிற மெஷின் அல்னபுருவில் இமெல்டா அன்ரியின் பட்டறையில் இருந்தது. அவர் நேற்றுப் போனில் சொல்லியிருந்தார்.

"மூண்டு மணிக்குப் பூட்டிட்டு நான் ஃபேரியேக்குப் போறன். பிறகு மூண்டு கிழமைக்கு ஆர் வந்து தட்டினாலும் கதவு திறக்காது."

ஜூலையில் ஒஸ்லோவில் பாதிப் பேர் இப்படித்தான் ஃபேரியே, அதாவது கோடை லீவில், போவார்கள். அம்மாவுக்கும் ஹரிப்ரியாவுக்கும் அதே மூன்று வாரம்தான் லீவு. அதற்குள் வயர்களை இணைத்தாக வேண்டும். பலகை இல்லாமல் வயர் இணைக்க முடியாது. இன்று தவறினால் விமானம் இன்னொரு குளிர்காலம் இந்தக் கராஜில் கிடக்கும்.

படம் தயாராக இருந்தது. இருவரும் குசினி மேசையில் நாலு மாதம் வரைந்த படம். அதை ஹரிப்ரியா இமெல்டா அன்ரிக்கு அனுப்பிவிட்டார். தகட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மிச்சம்.

மயூரா அந்தப் படத்தைப் பார்த்து, அதே அளவில் ஓர் அட்டைப் பலகை செய்தாள். சின்ன வட்டத்துக்குத் தேத்தண்ணிக் கோப்பை, பெரிய வட்டத்துக்குச் சீனிப் போத்தல் மூடி. எல்லாம் வெட்டி முடித்து, அட்டையை விமானத்துக்குள் உரிய இடத்தில் ஒட்டினாள். அம்மாவின் இருக்கையில் ஏறி, தோள் பட்டியைப் போட்டுக்கொண்டாள்.

அட்டையின் உச்சியில், நடுவில், அவள் வரைந்த சிவப்புக் கைப்பிடி. எஞ்சினில் நெருப்புப் பிடித்தால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் எரிபொருள் நின்றுவிடும்.

கையை நீட்டினாள். எட்டவில்லை.

"அம்மா, சிவப்புக் கைப்பிடி எட்டேல்லை."

"நீ சின்னப் பிள்ளை. எட்டாதுதான். இறங்கு, தகட்டை ஏத்தவேணும்."

"நீங்கள் ஒருக்கா இருந்து பாருங்கோ."

"எல்லாம் அளந்ததுதானே."

"மேசையில அளந்தது. மேசையில கிடந்தா எல்லாத்துக்கும் கை எட்டும்."

ஹரிப்ரியா சிரித்தார். "பாயிண்ட்தான். ஆனா டைம் இல்லடா கண்ணு."

மயூரா இறங்கினாள். போய்த் தகட்டின் முன்னால் நின்றாள்.

"இருந்து பாருங்கோ. பிறகு நானே தூக்கி வைக்கிறன்."

"அரக்கு பிள்ளை," என்றாள் அம்மா. அதாவது, தள்ளி நில்.

மயூரா அரக்கவில்லை.

அம்மா மணியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகளோடு வாதாடுவதைவிட ஏறி இருப்பது கெதியாக முடியும் என்று பட்டது போலும். இடப்பக்கம் ஏறினாள். வலப்பக்கம் ஹரிப்ரியா. இரண்டு பேரும் பட்டியை இறுக்கினார்கள். நாலு மாதத்தில் இருவரும் சேர்ந்து விமானத்தில் இருந்தது இதுதான் முதல் தடவை.

அம்மா கையை நீட்டினாள். நாலு விரற்கடை தூரத்தில் கை நின்றது. பட்டி தோளைப் பிடித்திருந்தது.

ஹரிப்ரியா நீட்டினார். அவர் உயரம். இருந்தும் மூன்று விரற்கடை குறைந்தது.

இருவரும் நீட்டிய கையோடு ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு எட்டுமெண்டெல்லோ நான் அங்கை வைச்சனான்," என்றாள் அம்மா.

"அய்யோ அக்கா, நான் உங்களுக்கு எட்டும்னு நினைச்சேன்."

மயூராவுக்கு விளங்கிவிட்டது. குசினி மேசையில் அவள் நாலு மாதம் கேட்ட பேச்சு இதுதான். 'உங்கட பக்கம் இருக்கட்டும்.' 'வேண்டாங்கா, உங்க பக்கமே இருக்கட்டும்.' இருவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்ததில் கைப்பிடி இரண்டு பேருக்கும் தூரமாய், உச்சிக்குப் போய்விட்டது.

"சரி, இப்ப எங்கை வைப்பம்? நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் அம்மா.

"நீங்க பெரியவங்க. நீங்க சொல்லுங்கக்கா."

"இல்லை, கணக்கெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்."

"பரவால்லக்கா, உங்களுக்கு எது வசதியோ."

மணி பன்னிரண்டே முக்கால்.

"ரெண்டு பேரும் இனிக் கதைக்கக் கூடாது," என்றாள் மயூரா.

கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் விட்ட அன்று அவள் காரில் போட்ட பை இன்னும் அப்படியே கிடந்தது. அதற்குள் சாயப் போத்தல்கள். அம்மாவின் வலக்கை விரல்களில் நீலம் பூசினாள். ஹரிப்ரியாவின் இடக்கையில் மஞ்சள்.

"கண்ணை மூடுங்கோ. புகை வந்தா ஒண்டும் தெரியாது. யோசிக்காதேங்கோ. கை போற இடத்தைத் தொடுங்கோ."

இருவரும் மூடினார்கள்.

மயூரா மனதுக்குள் அறுபது வரை எண்ணினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"எஞ்சின்ல நெருப்பு."

இரண்டு கைகள் பாய்ந்தன. ஒன்றோடொன்று இடித்தன. ஹரிப்ரியாவின் மோதிரம் அம்மாவின் விரலில் பட்டு, அம்மா "ஆ" என்றாள்.

"கண்ணைத் திறக்காதேங்கோ. திரும்பவும். இப்ப அம்மா மட்டும்."

பிறகு ஹரிப்ரியா மட்டும். பிறகு மாறி மாறி மூன்று தடவை.

கண்ணைத் திறந்தபோது அட்டையின் கீழ்ப்பக்கம், நடுவில், ஒரு பெரிய வட்டத்தின் விளிம்பைச் சுற்றிப் பச்சையாக இருந்தது. நீலமும் மஞ்சளும் அங்கேதான் சேர்ந்திருந்தன. அது மயூரா படத்தைப் பார்த்து முன்பே வெட்டிய வட்டம்.

"இந்த வட்டம் என்னத்துக்கு?" என்று கேட்டாள் மயூரா.

"கோப்பை வைக்க," என்றாள் அம்மா. "பிரியா கோப்பி குடிக்கிறவ எண்டு விட்டனான்."

ஹரிப்ரியா தலையைச் சொறிந்தார். முடியில் மஞ்சள் ஒட்டியது. "நான் பறக்கும்போது எதுவும் குடிக்கமாட்டேங்கா. வாந்தி வரும். உங்க டீக்குன்னு நினைச்சேன்."

"அப்ப ஆருக்கும் வேண்டாம்," என்றாள் மயூரா.

அந்த ஓட்டைக்குப் பின்னால் வேறோர் அட்டையை ஒட்டி, சிவப்புக் கைப்பிடியை அங்கே வரைந்தாள். உச்சி வெறுமையானது. அங்கே திசைகாட்டியை வைத்தாள். அதைத் தொடத் தேவையில்லை. பார்த்தால் போதும்.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"இல்லை. கையுறை போடுங்கோ."

"ஜூலையிலயோ?"

"பெப்ரவரியில பறக்க மாட்டீங்களோ?"

அம்மா பெட்டியைக் கிளறித் தடித்த கையுறையைப் போட்டாள். கைப்பிடியைப் பிடிப்பது போல் பிடித்தாள். விரல் முட்டி பக்கத்தில் இருந்த ரேடியோ சுவிச்சில் இடித்தது. ரேடியோ சுவிச் இரண்டு விரற்கடை தள்ளிப் போனது.

ஹரிப்ரியா மடிக்கணினியை முழங்காலில் வைத்துப் படத்தைத் திருத்தினார். மயூரா அட்டையை அளந்து எண்களைச் சொன்னாள். ஓர் எண்ணை ஹரிப்ரியா மாற்றி அடித்தார். மயூரா திருத்தினாள். இன்னொரு தடவை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மணி இரண்டு பத்து. மயூரா தகட்டின் ஒரு முனையைத் தூக்கினாள். சொன்ன சொல்.

வீதியில் வாகனங்கள் நெருங்கி நின்றன. கூரையில் சைக்கிள் கட்டிய கார்கள், பின்னால் சக்கர வீடு இழுத்துப் போகும் கார்கள். ஹரிப்ரியா போன் அடித்துப் பார்த்தார். இமெல்டா அன்ரி எடுக்கவில்லை. மெஷின் ஓடும்போது அவர் எடுப்பதில்லை.

அல்னபுருவில் பட்டறை வாசலுக்கு வந்தபோது இரண்டு ஐம்பத்தைந்து. இமெல்டா அன்ரி சூட்கேசோடு வாசற்படியில் நின்றார்.

"பன்னிரண்டு மணிக்கு வாறம் எண்டனீங்கள்."

"படம் மாறிப்போச்சு," என்றாள் அம்மா.

"மாறினதோ? நான் பழையதை மெஷின்ல போட்டு வைச்சிருக்கிறன். பழையது எண்டா இருபது நிமிசம், வெட்டித் தாறன். புதுசு எண்டா ஒரு மணித்தியாலம். எனக்கு ஐஞ்சு மணிக்கு பஸ்."

"பழையது வேண்டாம்," என்றாள் மயூரா.

"ஏன் வேண்டாம்?"

மயூரா காரிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"இதென்ன பச்சை?"

"அம்மான்ர கையும் அன்ரீன்ர கையும். கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடம். முந்தின படத்தில கைப்பிடி இஞ்சை, மேல. ரெண்டு பேருக்கும் எட்டாது. நெருப்புப் பிடிச்சா இழுக்கேலாது."

இமெல்டா அன்ரி அட்டையை வாங்கினார். பச்சை இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"இதுதான் முடிவோ? வெட்டினாப் பிறகு என்னட்டை வந்து அழக் கூடாது."

அம்மா ஹரிப்ரியாவின் பக்கம் திரும்பினாள். "பிரியா என்ன சொல்…"

மயூரா அம்மாவையே பார்த்தாள்.

"ஓம்," என்றாள் அம்மா. "இதுதான் முடிவு."

"ஆமா, இதேதான்," என்றார் ஹரிப்ரியா, கேட்பதற்கு முன்பே.

இமெல்டா அன்ரி சூட்கேசைப் பார்த்தார். முற்றத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் இரும்புக் குழாய் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, கையை ஆட்டியபடி வந்துகொண்டிருந்தார்.

"கெதியா உள்ளுக்கு வாங்கோ," என்றார் இமெல்டா அன்ரி. "அந்தாளுக்கும் அவசரமாத்தான் இருக்கும். எனக்கு உங்கட ஒண்டை வெட்டத்தான் நேரம்."

அம்மாவும் ஹரிப்ரியாவும் தகட்டைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்கள். கடைசியாக, அட்டையோடு மயூரா நுழைந்தாள். அவள் பின்னால் இமெல்டா அன்ரி கதவைச் சாத்தி, இரண்டு தரம் திறப்பைத் திருப்பிப் பூட்டினார்.