படகில் பழ வாசனை

படகில் யாரிடமும் பழம் இல்லை. ஆனாலும் பழ வாசனை... அளவுக்கு மீறிப் பழுத்த வாசனை.

தீவின் சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரை பேம்பூ ஃபிளாட்டுக்குப் போகும் பகல் படகு. மழையில் எதிர்க்கரையே காணாமல் போயிருந்தது. லேப் டெக்னீஷியன் அகிலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இதே வாசனை... தம்பி கடைசியாகப் படுத்திருந்த அறையில் வந்தது.

மெல்லத் திரும்பினாள். பக்கத்தில் ஒருவன். இஸ்திரி கலையாத சட்டை, மழை நனைத்த இமைகள்... சே, என்ன கண்கள்! ஆனால் அவை அவளைப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, ஓடி வந்தவன் போல நீளநீளமாக மூச்சு வாங்கினான்.

“உங்களுக்கு சுகர் இருக்கா?”

“அரே... முதல்ல பேரு கேக்க மாட்டீங்களா?” வறண்ட உதட்டில் சிரிப்பு. “கோகுல். ஊரு கட்சால் தீவு. சுகரெல்லாம் இல்லை மேடம்.”

“பொய்! ஊசியை எப்ப நிறுத்துனீங்க?”

அவன் சிரிப்பு நின்றது. “மெதுவா... அக்கா வீட்ல பொண்ணு வீட்டுக்காரங்க காத்திருக்காங்க. தெரிஞ்சா சம்பந்தம் கேன்சல்.” பிறகு முணுமுணுத்தான். “மெயின்லேண்ட் கப்பல் லேட்டு. மருந்து தீர்ந்துட்டே வந்துச்சு. அதான் சோத்தை விட்டுட்டேன். மீனு, முட்டை, அவ்வளவுதான்! சோறே இல்லாதப்ப இன்சுலின் எதுக்கு? முந்தாநாள்லேருந்து போடலை. சுகர் மீட்டர்லகூட பெருசா ஏறலையே...”

“ஐயோ! மத்தவங்க சோத்தை விட்டா அவங்க உடம்புல இருக்கிற இன்சுலின் கீட்டோன்ங்கிற ஆசிட்டை அடக்கி வைக்கும். உங்களுக்கு அது இல்லையே! மீனும் முட்டையும்கூட சர்க்கரையா மாறும். ஊசி போடாட்டி கொழுப்பு கட்டுக்கடங்காம கரைஞ்சு ரத்தமே ஆசிட் ஆயிடும். இந்த வாசனை அதுதான்!”

“எனக்கொண்ணுமில்லை...” என்றவன் மழைக்குள் கையாட்டினான். “அதோ, அக்கா கூப்பிடுறா.”

அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

படகு கரை சேர்ந்தது. எழுந்தவனின் கையை இறுகப் பிடித்தாள்.

“இறங்காதீங்க. இதே படகுல ஆஸ்பத்திரிக்குத் திரும்புறோம்.”

“முடியாது. மானம் போயிடும்.”

“உயிர் போனா சம்பந்தம் மட்டும் நிக்குமா?” அவள் குரல் உடைந்தது. “ஹாஸ்டல்ல இதை மறைச்சுத்தான் என் தம்பி போனான்...”

அப்போதுதான் அவன் அவளை முழுதாகப் பார்த்தான். போனை எடுத்தான்.

“அக்கா... எனக்கு சுகர்னு அவங்ககிட்ட சொல்லிடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள். சலைனும் இன்சுலினும் ஏறி, கோகுலின் கண்களுக்கு வெளிச்சம் திரும்பியிருந்தது.

“பொண்ணு வீட்டுக்காரங்க வேண்டாம்னு போயிட்டாங்க,” என்றான். “ஆயுசு முழுக்க ஊசி. இப்படி ஒருத்தனைக் கட்டிக்க எவ வருவா?”

“நான் வர்றேன்.”

சொன்ன பிறகுதான் அகிலாவுக்கு உறைத்தது. கன்னம் சூடேறியது. அடுத்த கட்டில்காரர் வேறு திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும்... சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.