கரடிக்குட்டி குடித்த பால்

காலை ஏழரைக்குக் கரடிக்குட்டி செத்தது. அத்தனை பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாலைக் குடித்து, துடித்து, செத்தது. யாருமே விஷம் வைக்கவில்லை என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் ரங்கசாமிக்குத் தலை சுற்றியது.

டுரியான் துங்கால் சாலையில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்த சின்ன மிருகக்காட்சிசாலை அது. மலாக்காவில் ஒரு மிருக வைத்தியப் பள்ளியோடு அதற்கு ஒப்பந்தம். பள்ளி இலவசமாக வைத்தியம் பார்க்கும், மாணவர்கள் இங்கே வந்து தொழில் பழகுவார்கள், செத்த மிருகம் பள்ளியின் அறுவை மேசைக்குப் போகும். இன்னொரு சலுகையும் உண்டு. மலாயாவில் அப்போது அவசரகாலம் அல்லவா! காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று கடைக்காரர்கள் எந்த டின்னையும் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் விற்பார்கள். இங்கே வரும் பால் டின்னுக்கு மட்டும், மருந்து என்று சொல்லி, பள்ளி விலக்கு வாங்கியிருந்தது.

காவலாள் பிச்சைமுத்து குட்டியை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் நாகமுத்து கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து காட்டுக்குப் போய் ஒரு வருஷம். அது ஒன்று போதாதா? மதியத்துக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால், மேலதிகாரி கண்ணை மூடிக்கொண்டு பிச்சைமுத்துவைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார். பாவம் இந்த மனுஷன், எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் ரங்கசாமி வந்திருந்தார்.

பள்ளியின் டாக்டர் நூர்தீனை முதலில் விசாரித்தார்.

"என்ன விஷம்?"

"எட்டி விஷம். உடம்பு விறைச்சுக் கெடக்கு பாருங்க. தெருநாய்க்கு வைக்கிறதுக்கு எங்க மருந்துப் பெட்டியிலேயே இருக்கு. மாணவங்க எல்லாரும் தொடுற பெட்டி."

"தண்ணி?"

"அதே தண்ணியிலதான் நாங்க எல்லாரும் பாலில்லாத தே ஓ குடிச்சோம்."

"கிண்ணம்?"

"நானே கழுவினது. டின்னையும் பிச்சைமுத்து எங்க கண்ணு முன்னாலதான் வெட்டினாரு. ஓட்டை கீட்டை ஒண்ணும் இல்லலா."

"குட்டி விழுந்ததும் யார் என்ன செஞ்சாங்க?"

"என்னாச்சு என்னாச்சுன்னு எல்லாரும் கத்தினோம். எங்க மாணவன் சேகரன் லேட்டா வந்தவன். டின்னைக் கையில எடுத்துப் பார்த்து, பிச்சைமுத்துகிட்ட 'இதை எங்கேருந்து எடுத்தீங்க மாமா'ன்னு கேட்டான். அப்புறம் போய் வாந்தி எடுத்துட்டான், பாவம். அவங்க அப்பாவை, தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணியை, போன வருஷம் காட்டுக்காரனுங்க சுட்டதிலேருந்தே அவன் ஒரு மாதிரிதான்."

பிச்சைமுத்து ஒரே பதில்தான் சொன்னார். "அலமாரியில கடைசியா இருந்த டின்னுங்க ஐயா."

ரங்கசாமி அலமாரியைத் தடவினார். சிமெண்டுப் பலகை, சுத்தமாக இருந்தது. டின்னின் அடியில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. வெட்டிய வாயில் எறும்பு மொய்ப்பது சகஜம். ஆனால் இந்த டின்னில் ஒரு கூட்டம் நடுவயிற்றில், லேபிள் ஒட்டின இடத்தில் மொய்த்துக்கொண்டிருந்தது. லேபிளை உரித்தார். உள்ளே ஆணி ஓட்டை ஒன்று, ரப்பர்ப் பால் விட்டு அடைத்திருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. அட கடவுளே, விளங்காமலே போயிருக்கலாமே என்று இருந்தது.

பத்து மணிக்கு எல்லாரையும் கூண்டருகே நிறுத்தினார்.

"இது அலமாரி டின் இல்ல. மண்ணுக்குள்ள இருந்த டின். காட்டுக்குப் போக வேண்டியது. அப்படித்தானே பிச்சைமுத்தண்ணே?"

பிச்சைமுத்துவின் தலை தொங்கியது. "தண்ணித் தொட்டிக்கு அடியில வச்சிருந்தேங்க ஐயா. அலமாரி காலி. குட்டி பசியில விடாம கத்துச்சு. மனசு கேக்கல, தோண்டி எடுத்துட்டேன்."

"விஷம் வச்சவன் குட்டியைக் கொல்ல நினைக்கல. காட்டுல இருக்கிறவனைக் கொல்ல நினைச்சான். மூடின டின்னுல விஷம் எப்படி வந்துச்சுன்னு நாம எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோம். ஒருத்தன் மட்டும் அதைக் கேக்கல. டின் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டான். அது அலமாரி டின் இல்லன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ஓட்டை போட்டு, லேபிளைத் திரும்ப ஒட்டினவனுக்குத்தான் தெரியும். இல்லையா சேகரன்?"

சேகரன் மறுக்கவில்லை.

"எங்கப்பாவைச் சுட்டவனுங்க அந்தப் பாலைக் குடிச்சுக்கிட்டு நல்லா இருக்கணுமா சார்? மாமா தோண்டிப் புதைக்கிறதைப் பார்த்தேன். எங்க பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லி வாங்கின பால் சார்! குட்டிக்குக் குடுப்பாருன்னு சத்தியமா நினைக்கல."

பிச்சைமுத்து மெல்ல எழுந்தார். குட்டி மடியிலிருந்து சரிந்து விழுந்தது, அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"தம்பி, இந்த டின்னுல மட்டும்தானே போட்டே?"

சேகரன் ஓர் அடி பின்னால் போனான்.

"முந்தாநாள் போனதுலயுமா?"

"எல்லாத்துலயும் மாமா."

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரங்கள், அதற்கப்பால் காடு. பிச்சைமுத்து ஓடிப்போய் முள்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நாகமுத்து! அந்தப் பாலைக் குடிக்காதடா! அப்பா சொல்றேன், குடிக்காதடா!" கையெல்லாம் ரத்தம். ஒரு கான்ஸ்டபிள் இழுக்கப் போனான்.

"விடுய்யா, கத்தட்டும்," என்றார் ரங்கசாமி. காப்பாற்ற வந்த மனிதரைத் தன் வாயாலேயே மாட்டிவிட்டிருந்தார்.

குரல் போய், வெறும் காற்றுதான் வந்தது. அப்போதும் பிச்சைமுத்து கம்பியை விடவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அவரையும் சேகரனையும் ஒரே போலீஸ் லாரியில், எதிரும் புதிருமாக உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள்.