மூச்சு விடாத பாட்டுக்காரி

சோல்ரூன் மூச்சே விடவில்லை. ஐவின் இதைக் கவனித்தபோது பகல் பதினொன்றரை மணி. வெளியே கும்மிருட்டு. நார்வேயின் அந்த வடகோடிக் கரையில் டிசம்பரில் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. அதற்காக யாரும் ராத்திரி என்று படுத்துக்கொள்வதும் இல்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

ஐவினின் வேலை பழைய ஒலிநாடாக்களைத் துலக்கி மறுபடி வெளியிடத் தோதாக்கிக் கொடுப்பது. பாடுகிறவர் யாரானாலும் வரிக்கு வரி மூச்சு வாங்குவார்கள், அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடித்துத் தணிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். இருபது வருஷமாக அவன் காதுக்குத் தப்பிய மூச்சு கிடையாது. இந்த நாடாவிலோ ஏழு பாட்டு ஓடி முடியப் போகிறது, ஒரு மூச்சும் சிக்கவில்லை. மறுபடி ஓட்டினான். ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இல்லவே இல்லை.

'ஸ்டில்லே' என்பது குழுவின் பெயர். நாலு பேர், அதில் பாடியவள் சோல்ரூன். ஒரே ஒரு இசைத்தட்டு, முந்நூறு பிரதி. பதினான்கு வயதில் ஒன்றுவிட்ட அண்ணனின் கேசட்டில் அதைக் கேட்டதிலிருந்து ஐவினுக்கு மற்ற பாட்டெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் சீந்தாத அந்தக் குழுவை இப்போது எங்கெங்கோ இருக்கிற இளவட்டங்கள் இணையத்தில் கண்டெடுத்துக் கொண்டாடுகிறார்கள். ஆஸ்லோவில் ஒரு கம்பெனி மறுபடி வெளியிட முன்வந்து, செத்துப்போன கிட்டார்காரன் ஓலவின் மனைவியிடமிருந்து மூல நாடாவை வாங்கி ஐவினுக்கே அனுப்பிவைத்தது. அட்டைப்பெட்டி வந்த அன்று அவன் குழந்தை மாதிரி குதித்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

பழைய நாடா பிசுபிசுத்துப் போயிருக்கும், அப்படியே ஓட்டினால் உரிந்துவிடும். அதனால் காளான் உலர்த்தும் பெட்டியில் எட்டு மணி நேரம் மிதமான சூட்டில் வைத்து எடுத்திருந்தான். அவன் வேலை செய்யும் வீட்டு நிலவறை முழுக்கச் சூடேறிய துருவும் பழங்காளானுமாக ஒரு வாடை. அந்த வாடைக்கு நடுவே அந்தக் குரல். குரல் என்றா சொல்வது அதை? பனிக்காற்று கதவிடுக்கைத் தேடி நுழையும்போது எழுமே ஒரு இழுவை, அதற்குள் ஒரு பெண் இருந்தால் எப்படியோ அப்படி. ஆண் குரலா பெண் குரலா என்று தெரியாமல் தொடங்கி, போகப் போகக் கேட்கிறவனின் தொண்டையையே யாரோ உள்பக்கமிருந்து தடவுவது போல ஆகிவிடும். எத்தனை கேட்டாலும் அலுக்காது.

கடைசிப் பாட்டு முடிந்தது. நாடாவின் 'உஸ்' என்ற சீற்றம் மட்டும் ஓடியது. ஐவின் குனிந்து பெட்டியின் மேல் பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"உள்ள வரட்டுமா?"

களைத்துப்போன, சாதாரணமான பெண்குரல். காதோரம்.

"யா," என்றான் ஐவின், தலையைத் தூக்காமல், மூச்சை உள்ளே இழுத்து.

அந்தக் கரைக்காரர்கள் 'ஆமாம்' சொல்வதே அப்படித்தான். சூடான காப்பியை உறிஞ்சுகிற மாதிரி 'யா'வை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். கடைக்காரி, டாக்டர், பாதிரியார், பால்குடி மறந்த பிள்ளை, எல்லோரும். தெற்கிலிருந்து புதிதாக வருகிறவன் நெஞ்சடைப்போ என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடுவான். யோசித்துச் சொல்கிற சொல் இல்லை அது, தும்மல் மாதிரி தானாக வருவது.

அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான். நாடா எப்போதோ தீர்ந்துபோய் அதன் வால் சக்கரத்தோடு சுற்றி டக், டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. சீற்றம் மட்டும் நிற்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினான். அப்போதும் கேட்டது.

அட, பிரமை பிடித்தவனே என்று தன்னைத் தானே பார்த்துச் சிரித்தான். சிரிப்பு வெளியே வரவில்லை. உள்ளே போயிற்று.

'ஹலோ' என்று சொல்லிப் பார்த்தான். அதுவும் உள்மூச்சில்தான் வந்தது. மூச்சை விட முயன்றான். மூக்கோரம் நூலாய் ஏதோ கசிந்தது, அவ்வளவுதான். இழுத்ததெல்லாம் விலா எலும்புகளுக்குள் போய்த் தங்கியது.

குழுவில் உயிரோடு மிஞ்சியவர் தாளம் வாசித்த டோர்மூட் மட்டும். இப்போது பக்கத்துத் தீவில் பஸ் ஓட்டுகிறார். போன வாரம் அவரிடம் பேட்டி எடுத்தபோது, அவர் 'யா'வை வெளிமூச்சில் அழுத்திச் சொல்வதைக் கேட்டு, "என்ன, ஆஸ்லோக்காரர் ஆயிட்டீங்களா?" என்று ஐவின் சீண்டியிருந்தான். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு போன் போட்டான்.

"என்னப்பா, இப்படி இரைக்குது? மாடி ஏறினியா?"

"டோர்மூட்... சோல்ரூன் எப்படிப் பாடினாங்க?"

அந்த உள்ளிழுத்த பேச்சைக் கேட்டதும் அவர் பஸ்ஸைச் சடாரென்று ஓரங்கட்டினார். பின்னால் பஸ் எஞ்சின் உறுமியது.

"அடப்பாவி. கடைசி வரைக்கும் ஓடவிட்டியா? அந்த நாடாவை எரிச்சாச்சுன்னுல்ல ஓலவ் பொண்டாட்டி என்கிட்ட சொன்னா!"

"எப்படிப் பாடினாங்க?"

"உள்ள இழுத்து. நாம 'யா' சொல்றோமே, அந்த மாதிரியே முழுப் பாட்டும். மொதல்ல எங்களுக்குத் தமாஷா இருந்துச்சு. 'ஏ புள்ள, எப்பத்தான் மூச்ச விடுவ?'ன்னு கேலி பண்ணுவோம். 'உள்ள நெறைய எடம் இருக்கு'ம்பா. சாகறப்ப நான் பக்கத்துல இருந்தேன் ஐவின். எல்லாரும் மூச்ச விட்டுட்டுத்தான் போவாங்க. அவ விடல."

ஐவின் போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டான்.

"காரியமெல்லாம் முடிஞ்சு நானும் ஓலவும் நாடாவைப் போட்டுக் கேட்டோம். பாட்டு முடிஞ்சதும் அவ குரல் ஏதோ கேட்டுச்சு. ஓலவ் பதில் சொல்லிட்டான். நான் கையுறையை வாயில திணிச்சுக் கடிச்சுக்கிட்டேன். அன்னையிலேர்ந்து அந்த 'யா'வை நான் உள்ள இழுத்ததில்ல. அவ என்ன கேக்கறாங்கறது முக்கியமில்லப்பா. அந்த இழுப்புதான் அவளுக்கு வாசல்." அவர் குரல் தாழ்ந்தது. "நீ சொல்லிட்டியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"யா."

"ஐயோ... வீட்ல வேற யாரு இருக்கா?"

"வில்யா. என் பொண்ணு. ஸ்கூலுக்குப் போயிருக்கா. எட்டு வயசு. அவ அம்மா ஹேகே கடல்ல, எண்ணெய் மேடையில டூட்டி."

"ஓலவுக்கு ஒரு பையன் இருந்தான், தெரியுமா?"

"இல்லியே. யாரும் சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்க. அவ பெரியவங்ககிட்ட தங்கமாட்டா ஐவின். வாயைத் திறக்காத. பிள்ளைய உன்கிட்ட அண்டவிடாத. நான் படகைப் பிடிச்சு வர்றேன்."

படகு மூன்று மணிக்கு. பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று முப்பத்தைந்து.

பக்கத்து வீட்டு மாக்னுஸுக்குச் செய்தி அனுப்பினான்: வில்யாவை உன் வீட்டில் வைத்துக்கொள். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினான். அதற்கும் இல்லை. தான் வீட்டை விட்டு ஓடிவிட்டால்? மலைப்பக்கம், யாருமில்லாத பக்கம்? அதுதான் சரி. ஒரு பூட்ஸை மாட்டினான். மற்றதைத் தேடினான். நெஞ்சுக்குள் யாரோ இடம் மாற்றி உட்கார்ந்தார்கள்.

வெளியே பனியில் சின்னக் காலடிகள். நறுக். நறுக். நறுக்.

ஓடிப்போய்க் கதவைப் பூட்டினான்.

"அப்பா! கதவு ஏன் பூட்டியிருக்கு?"

வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, தாளில் எழுதிக் கதவின் சிறு கண்ணாடியில் வைத்தான். *மாக்னுஸ் வீட்டுக்குப் போ. என்கூடப் பேசாதே. எது கேட்டாலும் பதில் சொல்லாதே.*

வில்யா கையுறையால் கண்ணாடிப் பனியைத் துடைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூக்கு சிவந்திருந்தது. முகம் மலர்ந்தது.

"ஐ, விளையாட்டா? சரி, பேசினா தோத்தாங்குளியா?"

தலையாட்டினான். ஆமாம் கண்ணு, ஆமாம். போ. போயிடு. கண்ணில் நீர் முட்டியது.

உதட்டை இறுக மூடியிருந்தான். மேலே உள்ளங்கை. அதையும் மீறி அவன் நெஞ்செலும்புக்குள்ளிருந்து அவனுடைய குரலிலேயே, அவனே கொஞ்சுவது போலவே, அது கேட்டது.

"வில்யா, உள்ள வரட்டுமா?"

அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "நீதான் உள்ள இருக்கியே, லூசு அப்பா!" உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயய்யோ, பேசிட்டேன். இனிமே பேச மாட்டேன்." வாயில் பூட்டுப் போடுவது போலக் காட்டி, புத்தகப்பையைக் குலுக்கிக்கொண்டு திரும்பினாள். ஒரு படி. இரண்டு படி. மாக்னுஸ் வீட்டில் விளக்கு எரிந்தது. அங்கே கதவும் திறந்தது. வாசலில் ஆள் நிழல். செய்தியைப் பார்த்துவிட்டான், வந்துவிட்டான்! ஐவினுக்கு உயிர் வந்தது. போ கண்ணு. இன்னும் பத்தடி. போ.

நெஞ்சு விம்மியது.

"ரொம்பக் குளிருதா, கண்ணு?"

எந்த அப்பனும் கேட்பதுதான். எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் பதில் சொல்வதுதான். வில்யா நடந்துகொண்டே, திரும்பாமல், சொன்னாள்.

"யா."

உள்ளே இழுத்து.

ஐவினின் விலாவிலிருந்து எல்லாம் ஒரே மூச்சில் வெளியே போயிற்று. இரண்டு மணி நேரமாகத் தேங்கிக் கிடந்தது அத்தனையும். சாவித்துவாரத்தின் வழியாக, கதவிடுக்கின் வழியாக, விசிலடித்துக்கொண்டு. அவனால் மூச்சுவிட முடிந்தது. கத்த முடிந்தது. கத்தினான். கதவைத் திறந்து ஒற்றைப் பூட்ஸோடு பனியில் விழுந்து எழுந்து ஓடினான்.

மாக்னுஸ் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தான். கிட்டே வரவில்லை.

வில்யா விளக்குக் கம்பத்தின் கீழே நின்றாள். தலை அண்ணாந்திருந்தது. வாய் திறந்திருந்தது. மேலேயிருந்து நிதானமாக இறங்கிக்கொண்டிருந்த பனித்துகள்கள் அவள் முகத்தருகே வந்ததும் வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல், அந்தச் சின்ன வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தன.