மக்பூல் நானா கடையில் வாங்கிய அம்பிளிஃபையர்

கிட்டாரின் வயரைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

சோலைமலை குனிந்து ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தான். வால்வு சூடேறினால் எந்த அம்பிளிஃபையரும் கொஞ்சம் முனகும் என்பது அவனுக்குத் தெரியும். இது முனகல் இல்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தம். அதற்குப் பின்னால், நிறையப் பேர் குளிரில் ஒன்றாக நிற்கும்போது எழும் இருமலும் செருமலும். நிமிர்ந்து வெளியே பார்த்தான். ஹட்டன் கடைத்தெருவில் பகல் இரண்டு மணி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பழைய வால்வு தானே தம்பி, அப்பிடித்தான் இரையும்," என்றார் கடைக்கார மக்பூல் நானா.

மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. புதியது சின்னது. ஐந்து வாட், ஒரே துளை. கிட்டாரைச் செருகினால் பாடுகிறவளுக்கு இடமில்லை. பழையதில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், இரண்டு துளைகள். கிட்டாருக்கு ஒன்று, அவன் மனைவி பூரணியின் மைக்குக்கு ஒன்று. விலையும் பாதி. அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இருவரும் கச்சேரி செய்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒரு இசைக்குழு முதலாளி கேட்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் இவன் தேயிலை ஃபெக்டரியையும் அவள் கொழுந்துக் கூடையையும் ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம்.

பூரணிக்குப் பெரிய பெட்டி பிடிக்கவில்லை. "சின்னதையே எடுப்போங்க. அதுல நம்ம சத்தம் நம்ம சத்தமாவே வருது."

"மேளச் சத்தத்துக்கு முன்னால அது கொசு மாதிரி கேக்கும். ஒனக்கு என்னா தெரியும், பேசாம இரு."

"இது எங்க இருந்து வந்துச்சுங்க நானா?" என்று அவள் கேட்டாள்.

"வலப்பனப் பக்கம் ஒரு தோட்டம். மழ நாள்ல விடியக்காலம் பேர் கூப்பிடப் பெரட்டுக் களத்துக்கு எறங்கிப் போகக் கஷ்டமாம். கணக்கப்பிள்ளை ஒப்பீஸ்ல இருந்துக்கிட்டே இதுல ஆளுங்க பேர் கூப்பிடுவாரு. ஒரு ராவு மண் சரிஞ்சு ஒரு லயமே ஆளுங்களோட உள்ள போயிட்டுது. மனுசன் மறுநாள் காலையிலயும் அந்தப் பேரெல்லாம் கூப்பிட்டிருக்காரு. பதில் வராத பேருக்கெல்லாம் வேலைக்கி வரல்லன்னு கோடு போட்டிருக்காரு."

சோலைமலை உச்சுக் கொட்டினான். கொட்டிய வாயாலேயே இன்னும் கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தனியாகப் பெட்டியைத் தலையில் சுமந்து ஃபெக்டரி மேல்மாடிக்கு ஏற்றினான். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் கிடையாது. ஃபெக்டரிப் பொறுப்பில் இருந்த டீமேக்கர் ஐயாவைக் கெஞ்சி அந்த ஒரு பிற்பகலுக்கு அனுமதி வாங்கியிருந்தான். நீண்ட மாடி முழுக்கக் கொழுந்து வாட்டும் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. ஜன்னல்களுக்கு வெளியே மூடுபனி வந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நேற்றைய இலையின் பச்சை வாடை இன்னும் பலகைகளில் இருந்தது. பெட்டி சூடேறச் சூடேற, அந்த வாடையை விலக்கிக்கொண்டு வேறொன்று எழுந்தது. வெட்டிப் போட்ட ஈர மண்ணின் வாடை.

ஒரு பாட்டை வாசித்து முடித்துக் கையை எடுத்தான். மழைச் சத்தம். இருமல்கள். பிறகு ஒரு ஆண் குரல், அவசரமில்லாமல், சலிப்போடு பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தது. ஒரு பேர். கொஞ்சம் இடைவெளி. அடுத்த பேர். அந்த இடைவெளியின் நீளம் அவனுக்கு மனப்பாடம். அதற்குள் 'இருக்கேங்க' என்று சொல்லாவிட்டால் அன்றைய வேலை போய்விடும். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் அந்த அளவில்தான் விடிகாலைகளைக் கழித்திருக்கிறான்.

"கந்தப்பன்," என்றது பெட்டி.

"இருக்கேங்க!" கீழே முற்றம் கூட்டிக்கொண்டிருந்த காவல்காரர் கந்தப்பன் சட்டென்று குரல் கொடுத்தார். பிறகு, "யாருப்பா அது கூப்பிட்டது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

சோலைமலை சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான். குரல் இன்னும் மூன்று பேர்களைக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது.

திங்கட்கிழமைப் பெரட்டில் கந்தப்பன் பேருக்குப் பதில் வரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த அறைக் கதவை உடைத்தார்கள். கிழவர் கம்பளிக்குள் உயிரில்லாமல் சுருண்டு கிடந்தார். அறை காய்ந்து கிடந்தது. பத்து விரல் நகங்களிலும் செம்மண் ஏறியிருந்தது. எதையோ பிறாண்டிப் பிறாண்டி நகங்கள் பிய்ந்திருந்தன.

பெட்டிக்குப் பதில் சொன்னவரை அந்தச் சரிந்த மண் எடுத்துக்கொண்டது என்று சோலைமலைக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அவன் பெட்டியை ஆற்றில் போடவில்லை. நானாவிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கிட்டார் ஓய்ந்தால்தானே குரல் வருகிறது, ஓயாமல் வாசித்தால் போயிற்று என்று நான்கு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பூரணியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பாட மாட்டாள். அவள் பாடாவிட்டால் கொழும்பு இல்லை. அந்தக் கணக்கில் கந்தப்பன் கிழவருக்கு இடமே இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். கோயில் முற்றத்தில் முந்நூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபெக்டரியிலிருந்து இழுத்த வயரில் பல்புகள் மங்கலாக எரிந்தன. சாம்பிராணி, வேர்வை, பனியில் நனைந்த கம்பளி வாடை. சோலைமலை வாசித்தான். ஒரு பாட்டு முடிந்தால் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவியது. கைதட்டலுக்கு நடுவிலும் தந்திகளை உரசிக்கொண்டே இருந்தான்.

"மூச்சு வாங்கவும் விட மாட்டீங்களா?" பூரணி மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேட்டாள்.

"பாடு. சும்மா பாடு."

முன்வரிசையில் கொழும்புக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பூரணி அன்று பாடியதுபோல் என்றுமே பாடியதில்லை. சோலைமலையின் விரல் நுனி வெடித்து ரத்தம் கசிந்தது. இன்னும் இரண்டு பாட்டு, அவ்வளவுதான் என்று பல்லைக் கடித்தான்.

அப்போது கோயில் தலைவர் மேடையேறினார். கையில் ஒரு தாள். திருவிழாவுக்குக் காணிக்கை கொடுத்தவர்களின் பேரை மைக்கில் வாசிக்காமல் எந்தத் தோட்டத்திலும் கச்சேரி முடியாது.

"கொஞ்சம் நிறுத்தப்பா."

"வேணாங்க தலைவரே! நான் மெதுவா வாசிக்கிறேன், நீங்க பாட்டுக்கு..."

தலைவர் சிரித்தபடி தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

மழை.

வானம் சுத்தமாக இருந்தது. ஆனாலும் மழை. தலைவர் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. பெட்டி முதல் பேரைக் கூப்பிட்டது.

"இருக்கேங்க!" கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பீக்கரில் பேர் வருவது பெருமை இல்லையா!

அடுத்த பேர். "இருக்கேங்க!"

அடுத்தது. அடுத்தது.

சோலைமலை ஸ்விட்சைத் திருகினான். சிவப்பு விளக்கு அணைந்தது. குரல் அணையவில்லை. வயரைப் பிடுங்கினான். குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. ஈர மண் வாடை மேடையில் எழுந்தது.

"பூரணி," என்றது பெட்டி.

பாய்ந்தான். அவள் வாயை இரண்டு கையாலும் பொத்தினான். மைக் உருண்டது. அவள் திமிறினாள். கண்கள் விரிந்து அவனைக் கேட்டன. அவன் தலையை ஆட்டினான். வேண்டாம். சொல்லாதே.

இடைவெளி. அந்த அளவு. அதே அளவு.

முடிந்தது. கடந்துவிட்டது. அவனுக்கு அழுகை வந்தது.

"பூரணி!" இரண்டாவது தடவை. அதட்டலாக.

பெரட்டில் ஒருத்தி பிந்தினால் அவளுக்காகப் பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுப்பாள். ஒருத்தியின் ஒருநாள் வேலை போவதை லயத்தில் யாரும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து பூரணியின் தங்கை வேலாயி ஆசையோடு எழுந்து நின்றாள்.

"அக்கா இருக்காங்கய்யா!"

அவன் உள்ளங்கையில் பூரணியின் மூச்சு ஒருமுறை சூடாகப் பட்டது. பிறகு படவில்லை. குளிர்ந்த ஏதோ ஒன்று உள்ளேயிருந்து கையை நெட்டித் தள்ளியது. அவன் அழுத்தினான். மேலும் அழுத்தினான். விரல் இடுக்குகளில் செம்மண் சேறு பிதுங்கி அவள் சேலையில் வழிந்தது. அவள் கண்கள் மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

பெட்டி அடுத்த பேரைக் கூப்பிட்டது. கூட்டத்தில் சிரிப்போடு இன்னொரு கை உயர்ந்தது.