துத்தநாகத் தகட்டில் முள்

“உன் தகடுதான்டா முள்ளு விட்டு நடுத்தாளைக் கிழிச்சிருக்கும்!”

“உன் பொடிதான் கரைஞ்சு போச்சுக்கா! பழியை என் தலைல கட்டாத!”

இருவரும் கத்திய கத்தலில், வாசலில் வந்து நின்ற நிதானம் அம்மாளை யாரும் கவனிக்கவில்லை. பட்டறைத் தகராறுகளைத் துப்பறிவது அவர் தொழில். கூட வந்த அண்ணன் மகளுக்கு ‘அவசரம்’ என்று பட்டம் வைத்தவரும் அவரே.

அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்த பேட்டரி அது. ஒரு பக்கம் தம்பியின் துத்தநாகத் தகடு. மறுபக்கம் அக்கா செடிச் சத்திலிருந்து எடுத்த கரிமப் பொடி. இரண்டும் உப்புத் தண்ணீரில்; ஒன்றையொன்று தொடாதிருக்க நடுவில் ஒரு மெல்லிய தாள். நஞ்சில்லாதது, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றலாம். வாங்குபவர்கள் நாளை வருகிறார்கள். பேட்டரியோ காலையிலிருந்து செத்துக் கிடக்கிறது. பட்டறையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது வரை பேச்சு வந்துவிட்டது.

“நேத்து நாங்க ரெண்டு பேருமே வெளியூர். காலைல சார்ஜர் சுவிட்சைப் போடச் சொல்லிட்டுப் போனோம், இவரும் போட்டாரு,” என்றாள் அக்கா.

‘இவர்’ அவள் கணவர். பக்கத்துக் கொட்டகையில் கார் மெக்கானிக். மூன்றாம் தடவையாகத் தேநீர் கொண்டுவந்தார். “தொண்டை காயுது பாருங்க. குடிச்சிட்டுச் சண்டை போடுங்க.”

நிதானம் அம்மாள் பேட்டரியைப் பிரிக்கச் சொன்னார். “பொடி கரைஞ்சா தண்ணி எப்படி இருக்கும்?”

“செக்கச் செவேல்னு ஆயிடும்.”

தண்ணீர் பளிங்காக இருந்தது. தகட்டில்தான் பாசி பிடித்ததுபோல் உலோக முள் அடர்ந்து, நடுத்தாளைத் துளைத்திருந்தது.

“அப்ப தம்பிதான் அத்தை!” என்று துள்ளினாள் அவசரம்.

“பொறு. தகடு எப்ப முள்ளு விடும், தம்பி?”

“அவசரமா சார்ஜ் ஏத்தினா. எங்க சார்ஜர்ல அது முடியவே முடியாதும்மா. ஒரு பகல் பூரா மெதுவாத்தான் ஏறும்.”

“ஒயரை எப்படி மாட்டுவீங்க?”

“ஸ்குரூ வச்சு முடுக்குவோம்.”

அவர் பேட்டரி முனையை விரலால் தடவினார். “அப்ப இதுல எப்படிப் பல் தடம்? கார் பேட்டரிக்கு மாட்டுற கிளிப் இப்படித்தான் கடிக்கும்.”

கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கை நின்றது.

“நேத்துக் காலைல சுவிட்சைப் போட மறந்துட்டேன்,” என்றார் தரையைப் பார்த்து. “சாயந்தரம்தான் ஞாபகம் வந்துச்சு. நீங்க வர்றதுக்குள்ள வேகமா ஏத்திடலாம்னு என் கார் சார்ஜரை மாட்டினேன்.”

தம்பி தொண்டையைச் செருமினான். “இப்பவே புதுத் தகடு போட்டா நாளைக்கு ரெடியாயிடும்கா.”

அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை.

“ஏங்க, நானும் என் தம்பியும் உறவையே அறுத்துக்கப் போனோம். நீங்க மூணு தடவை டீ கொண்டுவந்தீங்களே, ஒரு தடவையாவது சொல்ல வாய் வரலையா?”