பூச்சி பிழைத்த தண்ணீர்

பீங்கான் தட்டில் ஊற்றியிருந்த தண்ணீரில் காலையில் துள்ளிய வெள்ளைப் பூச்சிகள் சாயங்காலம் துள்ளவில்லை. எல்லாம் ஒரே ஓரமாக ஒதுங்கி, சிம்னி விளக்கு இருந்த பக்கம் நின்றன. ஞானசுந்தரி தட்டைத் திருப்பி வைத்தாள். அவையும் திரும்பி வந்து விளக்குப் பக்கமே நின்றன.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கோடையில் உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரி பச்சையாகிப் போயிருந்தது. பச்சை என்றால் நீங்கள் பார்த்த பச்சை இல்லை. கிளி வந்து தண்ணீரோரம் உட்கார்ந்தால் மூக்கு மட்டும்தான் தெரியும். நிலக்காரர் வேதகிரியின் எருமை ஒரு வாய் குடித்துவிட்டுக் கரையேறுவதற்குள் நுரை தள்ளிச் செத்தது. அதன் நாற்றம் செங்கல்பட்டு வரை போய் ரயில் ஏறியது. வேதகிரிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அவர் நிலத்தில் கூலிக்குப் போகும் ஞானசுந்தரியின் புருஷன் தானியேலின் தெருவுக்கு அந்தக் கிணறு கிடையாது. ஏரிதான்.

தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாசியை விலக்கி மொண்ட தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்ப்பார்கள். ரவை மாதிரிப் பூச்சிகள் உயிரோடு துள்ளினால் நல்ல தண்ணீர், செத்து மிதந்தால் விஷம். பார்க்கிறவள் முதல் வாய் குடித்துக் காட்ட வேண்டும். இந்த வாரம் தட்டு ஞானசுந்தரியிடம். காலையில் பூச்சிகள் பொரியாய்த் துள்ளின, குடித்தாள், தலையாட்டினாள். தெருவே பானை நிரப்பிக்கொண்டு போனது. விஷத்தோடு பழகியும் ஒரு பூச்சி பிழைத்திருக்கலாம் என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"இன்னா, தட்டையே பாத்துகினு கீற?" பாயில் படுத்திருந்த தானியேல் கேட்டான்.

"பூச்சி எல்லாம் வெளக்கையே பாக்குதுய்யா."

"உன் மூஞ்சிக்கு வெளக்கு தேவலன்னு அதுக்கும் தெரிஞ்சிபூட்ச்சி. உயிரோட கீதில்ல? வுடு."

சொம்பைக் கவிழ்த்துக் குடித்தான். காலையிலிருந்தே அவனுக்குத் தாகம் அடங்கவில்லை. ஏரியே அவனால் வற்றிவிடும் என்றாலும் நம்பலாம். பிறகு சுவர்ப் பக்கம் புரண்டு தூங்கிப்போனான்.

அவளுக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஏரியிலிருந்து அழுகிய கீரை வாடை சன்னமாக வந்து கூரை ஓலைக்குள் தங்கியது, நாய்கள் ஏனோ குரைக்கவில்லை, அடுத்த வீட்டில் சிட்டம்மாளின் கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்துவிட்டு யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது, மூலையிலிருந்த பானைக்குள் யாரோ உப்பைத் தூவித் தூவி விளையாடுவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

விளக்கை இடப்பக்கம் நகர்த்தினாள். பூச்சிகளும் நகர்ந்தன. வலப்பக்கம் நகர்த்தினாள். அவையும் வந்தன.

பாயிலும் ஏதோ அசைந்தது.

தானியேலின் தலை. சுவரைப் பார்த்துப் படுத்தவன் முகம் விளக்கைப் பார்த்திருந்தது. கண் மூடியிருந்தது. மூச்சு சீராக வந்தது. அவள் கிட்டே போனாள். வெளிச்சம் பட்ட கன்னத்தில், தோலுக்கு அடியில், ரவை ரவையாய் வெள்ளை. இமைக்குள்ளும்.

"இந்தாய்யா, எயுந்திரு."

கண்ணைத் திறந்தான். கருவிழி இல்லை. துள்ளல்தான் இருந்தது.

விளக்கோடு தெருவுக்கு ஓடினாள். தான் தலையாட்டிய தண்ணீர். இன்னும் பானையில் இருக்கும். குடிக்காதவர்கள் யாராவது இருப்பார்கள். ஒருவராவது.

"குடிக்காதீங்க. கொட்டிடுங்க."

 வாசலுக்கு வாசல் ஆள் நின்றிருந்தது. சிட்டம்மாள், அவள் இடுப்பில் குழந்தை, எதிரே எல்லப்பன், அப்பால் செங்கேணி. அவளை யாரும் பார்க்கவில்லை. விளக்கை உயர்த்தினாள். தெருவே முகம் உயர்த்தியது. தாழ்த்தினாள். தாழ்ந்தது. குழந்தையின் முகமும்.

விளக்கை மண்ணில் வைத்துவிட்டு ஓடப் பார்த்தாள்.

கால் நகர்ந்தது.

கழுத்து திரும்பவில்லை.